ஓட்டிசமும் உலோகங்களும்: ரிப்போர்ட்டில் உள்ளது என்ன, இல்லாதது என்ன

ஓட்டிசம் உள்ள பிள்ளைகளின் இரத்தத்தையும் முடியையும் சோதித்த ஆய்வுகள் பலவற்றில் ஈயமும் பாதரசமும் சற்றுக் கூடுதலாகவும், துத்தநாகம் சற்றுக் குறைவாகவும் இருந்தது உண்மை. சில ஆய்வுகளில் அப்படி எதுவும் தெரியவில்லை என்பதும் உண்மை. முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டு, "உலோகம் ஏறியதால்தான் பிள்ளை பேசவில்லை, அதை இறக்கிவிட்டால் பேசிவிடும்" என்று சொல்லி, முடி, சிறுநீர்ச் சோதனை ரிப்போர்ட்டைக் காட்டி மருந்து விற்பவர்கள் ஹட்டனிலும் பதுளையிலும் உள்ள பெற்றோரின் கைத்தொலைபேசி வரைக்கும் வந்துவிட்டார்கள். எது தெரிந்த விஷயம், எது ஊகம், வீட்டில் எதைக் கவனிக்கலாம், எதைத் தொடவே கூடாது என்பதை இங்கே பார்ப்போம்.

ஓட்டிசம் என்பது மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. அதன் தொடக்கம் பெரும்பாலும் கருப்பையிலேயே. 5 நாடுகளின் பிள்ளைகளை வைத்து 2019இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, ஓட்டிசம் வரும் வாய்ப்பில் காணும் வேறுபாட்டில் ஏறக்குறைய 80 சதவீதம் மரபணு சார்ந்தது என்று கணக்கிட்டது. மிச்சம் உள்ள பங்கில்தான் பெற்றோரின் வயது, குறைமாதப் பிரசவம், கர்ப்பகால நோய்கள், சுற்றுச்சூழல் எல்லாம் வருகின்றன. உலோகங்களும் அந்தக் கூட்டத்தில் ஒன்று. இலங்கையில் 2009இல் வெளியான ஓர் ஆய்வு, 18 முதல் 24 மாதப் பிள்ளைகளில் 93 பேருக்கு ஒருவர் என்று கண்டது. ஆகவே இது எங்கோ ஒரு வீட்டில் மட்டும் நடக்கிற அபூர்வமான விஷயம் அல்ல.

எது முதலில் வந்தது?

ஐந்து வயதுப் பிள்ளை ஒன்றின் இரத்தத்தில் ஈயம் கூடுதலாக இருக்கிறது, அந்தப் பிள்ளைக்கு ஓட்டிசமும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஈயம் ஓட்டிசத்தைக் கொண்டுவந்திருக்கலாம். ஓட்டிசமே ஈயத்தைக் கொண்டுவந்திருக்கவும் இடமுண்டு, அதைத்தான் பலர் யோசிப்பதில்லை. ஓட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலர் மண், சுண்ணாம்பு, கதவில் உரிந்த பெயின்ட், சுவர்க்காரை என்று கையில் அகப்பட்டதை வாயில் போடுவார்கள். மற்றப் பிள்ளைகள் 2 வயதில் விட்டுவிடும் இந்தப் பழக்கம் இவர்களிடம் 6, 7 வயது வரை போகும். பெயின்டிலும் தூசியிலும் ஈயம் இருந்தால் அது நேராக வயிற்றுக்குள் போகிறது. வளர்ந்தவரின் குடல் உட்போன ஈயத்தில் 10 சதவீதம் அளவுக்கு உறிஞ்சும், சிறு பிள்ளையின் குடலோ 40 முதல் 50 சதவீதம் வரை உறிஞ்சிவிடும்.

துத்தநாகத்துக்கும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும். வெள்ளைச் சோறும் ரொட்டியும் பிஸ்கட்டும் தவிர வேறொன்றையும் வாயில் வைக்காத பிள்ளையின் உடம்பில் துத்தநாகமும் இரும்பும் குறையத்தான் செய்யும். ஜப்பானில் 1,967 ஓட்டிசப் பிள்ளைகளின் முடியைச் சோதித்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், வயது குறைந்தவர்களிடையே துத்தநாகக் குறைவு பரவலாக இருந்தது. ஆனால் அந்தக் குறைவு ஓட்டிசத்துக்கு முன்னால் வந்ததா, பின்னால் வந்ததா என்பதை ஒரு முறை வெட்டிய முடியால் சொல்ல முடியாது.

இந்தச் சிக்கலைத் தாண்டப் பார்த்த ஆய்வுகளில் நல்லது பால்பற்களை வைத்துச் செய்தது. மரத்தின் வளையம் போல, பால்பல்லும் கருவிலிருந்தே படலம் படலமாக வளரும். அந்தந்த வாரத்தில் இரத்தத்தில் இருந்த உலோகம் அந்தந்தப் படலத்தில் பதிந்துவிடும். விழுந்த பல்லை லேசரால் சுரண்டிப் பார்த்தால், பிறப்பதற்கு முன்னும் பின்னும் எந்தக் கட்டத்தில் எது உட்போனது என்று தெரியும். சுவீடனில் இரட்டைப் பிள்ளைகளின் பற்களை வைத்து 2017இல் வெளியான ஆய்வில், ஓட்டிசம் உள்ள பிள்ளைகளின் பற்களில் குறிப்பிட்ட சில காலகட்டங்களில் ஈயம் கூடியும், மங்கனீசும் துத்தநாகமும் குறைந்தும் இருந்தன. அடுத்த ஆண்டு வந்த இன்னொரு ஆய்வு, துத்தநாகமும் செம்பும் உடம்பில் ஏறி இறங்கும் தாளமே இவர்களிடம் வேறுபடுகிறது என்றது. கவனிக்க வேண்டியவைதான். ஆனால் ஆய்வில் இருந்த பிள்ளைகள் சிலரே. அதோடு, ஒரே அளவு ஈயம் சூழலில் இருந்தும் இந்தப் பிள்ளையின் உடம்பு மட்டும் அதிகமாக உள்வாங்கியிருக்கலாம், அதற்கும் மரபணுவே காரணமாக இருக்கலாம். இதற்கு மேல் உறுதியாகச் சொல்பவர் ஆய்வைத் தாண்டிப் பேசுகிறார்.

தடுப்பூசியும் பாதரசமும்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லாவுக்கு எதிரான எம்.எம்.ஆர். தடுப்பூசிக்கும் ஓட்டிசத்துக்கும் தொடர்பு இருப்பதாக 1998இல் வெறும் 12 பிள்ளைகளை வைத்து எழுதப்பட்ட கட்டுரையை, அதை வெளியிட்ட 'லான்செட்' இதழே 2010இல் திரும்பப் பெற்றது. எழுதியவரின் மருத்துவப் பதிவும் அதே ஆண்டு பறிபோனது. டென்மார்க்கில் 657,461 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 2019இல் வந்த ஆய்வில் தொடர்பு எதுவும் இல்லை. எம்.எம்.ஆர். ஊசியில் எந்தக் காலத்திலும் பாதரசம் இருந்ததில்லை.

பாதரசக் கலவையான தயோமெர்சல், பல பேருக்குப் போடும் சில ஊசிக் குப்பிகளில் கிருமி வளராமல் இருக்கச் சேர்க்கப்படுகிறது. ஒரு டோசில் அதிகம் போனால் 25 மைக்ரோகிராம் பாதரசம். அது எத்தில் வகை. சில நாட்களில் இரத்தத்தில் பாதியாகக் குறைந்துவிடும். மீனில் உள்ள மெத்தில் வகை பாதியாகக் குறைய ஒன்றரை மாதம் ஆகும். அமெரிக்காவில் 2001 அளவில் இதைப் பிள்ளைகளின் வழக்கமான ஊசிகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதன் பிறகும் ஓட்டிசம் கண்டறியப்படும் எண்ணிக்கை கூடிக்கொண்டேதான் போனது. இலங்கையில் 9 மாதத்திலும் 3 வயதிலும் போடும் எம்.எம்.ஆரைத் தள்ளிப்போட்டால் கிடைப்பது சின்னமுத்துதான்.

மீனைப் பற்றியும் ஒரு வார்த்தை. நெத்தலி, சாளை போன்ற சிறு மீன்களில் பாதரசம் மிகக் குறைவு. கருவாட்டிலும் நெத்தலியைத் தயங்காமல் கொடுக்கலாம். சுறா, தளபத் போன்ற பெரிய மீன்களைக் கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் தவிர்ப்பது நல்லது. மலையகத்தில் அவ்வளவு விலை கொடுத்துச் சுறா வாங்கித் தினமும் சமைப்பவர் யார் என்று கேட்டால் அதுவும் நியாயம்தான்.

நம் வீடுகளில் ஈயம் எங்கே இருக்கிறது

ஈயம் ஓட்டிசத்தைக் கொண்டுவருகிறதா என்பது விவாதம். அது பிள்ளையின் அறிவு வளர்ச்சியைக் குறைக்கும் என்பதில் விவாதமே இல்லை. பாதுகாப்பான அளவு என்று ஒன்றும் கிடையாது. ஆகவே ஓட்டிசம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தப் பகுதி எல்லா வீட்டுக்கும் உரியது.

ஈயம் கலந்த பெற்றோல் இலங்கையில் 2002இல் நின்றுவிட்டது. பழைய எனாமல் பெயின்ட் நிற்கவில்லை, அது இன்னும் கதவில் இருக்கிறது. லயத்துச் சுவர்களில் அடிக்கும் வெள்ளைச் சுண்ணாம்பு இதில் சேராது. பார்க்க வேண்டியவை கதவு, ஜன்னல் சட்டம், பழைய கட்டில், பிள்ளைக் காம்பராவின் தொட்டில் கம்பி. மஞ்சள், சிவப்பு, பச்சை என்று பளிச்சென்ற நிறங்களில்தான் ஈயம் அதிகம். திருவிழாவுக்கோ தீபாவளிக்கோ வீட்டைப் புதுப்பிக்கும்போது, பழைய பெயின்டைக் காயக் காயச் சுரண்டி உப்புத்தாள் போடுவதுதான் பெரிய தவறு. அந்தத் தூள் காம்பரா முழுவதும் படியும், தவழும் பிள்ளை அதை விரலோடு நக்கும். நல்ல நிலையில் உள்ள பெயின்டைச் சுரண்டாமல் மேலேயே புதிதாக அடித்துவிடுங்கள். உரிகிறது என்றால் தண்ணீர் தெளித்து ஈரமாகவே சுரண்டுங்கள், பிள்ளையையும் கர்ப்பிணியையும் அன்றைக்கு வேறு வீட்டுக்கு அனுப்புங்கள், பிறகு கூட்டாமல் ஈரத்துணியால் 2 தடவை துடையுங்கள். விளக்குமாறு தூசியைக் கிளப்பும், எடுக்காது.

அடுத்தது பழைய பற்றரி. முச்சக்கர வண்டி பற்றரியை உடைத்து ஈயத்தை உருக்குவது, கராஜில் போட்ட உடுப்போடு வந்து பிள்ளையைத் தூக்குவது இரண்டும் ஈயத்தை நேராக வீட்டுக்குள் கொண்டுவரும். பழைய இரும்புக் கடையில் வேலை செய்பவருக்கும் இது பொருந்தும். உடுப்பை வெளியிலேயே மாற்றித் தனியாகத் துவைக்க வேண்டும்.

சமையலறையில் மூன்று விஷயம். பளீரென்ற நிறத்துக்காக மஞ்சள் தூளில் ஈயக் குரோமேற் கலப்பதைப் பங்களாதேஷில் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். மஞ்சள் கிழங்காக வாங்கி அரைப்பது இதற்கு எளிய மாற்று. பழைய உலோகக் கழிவை உருக்கி வார்த்த அலுமினியச் சட்டியில் புளியும் கொறுக்காயும் சேர்ந்த குழம்பு கொதித்தால் ஈயம் கரைந்து வரும். புளிப்பானவற்றை எவர்சில்வரிலோ பூச்சில்லாத மண் சட்டியிலோ வைத்துக்கொள்ளுங்கள். பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே பூசும்போது சுத்தமான வெள்ளீயத்துக்குப் பதில் ஈயம் கலந்த பற்றாசைப் போட்டுவிட்டால் பாத்திரமே நஞ்சு.

பிள்ளையின் உடம்பிலும் பாருங்கள். பெயர் தெரியாத கண்மை, ஈயம் கலந்த செந்தூரம், ஈயத் தகடு வைத்த தாயத்து, மலிவான உலோக அரைஞாண் மணி. எதையும் கடித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்குத் தாயத்தை வெள்ளியிலோ வெறும் நூலிலோ கட்டுங்கள், கழற்றச் சொன்னால் பாட்டிமார் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது தெரிந்ததுதான். பாதரசமும் ஈயமும் சேர்த்துச் செய்யும் ரச மருந்துகளைப் பிள்ளைக்குக் கொடுக்கவே வேண்டாம்.

மருந்தடிக்கும் டின்னைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் உள்ளது உலோகம் அல்ல, பூச்சிநாசினி. கர்ப்ப காலத்தில் பூச்சிநாசினி அடிக்கும் வயல்களுக்கு அருகில் வாழ்ந்த தாய்மாரின் பிள்ளைகளில் ஓட்டிசம் சற்று அதிகம் என்று அமெரிக்காவில் 2014இல் ஓர் ஆய்வு வந்தது. காரணம் இதுதான் என்று அதுவும் நிறுவவில்லை. ஆனாலும் காலி டின்னைக் கழுவிப் பீலியில் தண்ணீர் பிடிக்க வைத்துக்கொள்வதற்கு எந்தக் காலத்திலும் நியாயம் கிடையாது.

தேத்தண்ணியும் இரும்பும்

ஒரு வயதுப் பிள்ளைக்குப் போத்தலில் சாயத் தண்ணி, ரொட்டியோடு சாயத் தண்ணி, மத்தியானச் சோற்றுக்குப் பிறகும் சாயத் தண்ணி என்பது தோட்டங்களில் புதிது அல்ல. சோற்றோடும் பருப்போடும் கீரையோடும் ஒரு கோப்பைத் தேநீர் சேர்ந்தால், அந்தச் சாப்பாட்டிலிருந்து கிடைக்க வேண்டிய இரும்பில் பாதிக்கும் மேல் உடம்பில் சேராமல் போகும். தேயிலையின் துவர்ப்புப் பொருள் இரும்பைக் கட்டிப்போட்டுவிடுகிறது. இரும்பு குறைந்த குடல், இரும்பை இழுக்கும் அதே வாசலால் ஈயத்தையும் கூடுதலாக இழுக்கும். ஓட்டிசமும் ஈயமும் இரும்புக் குறைவும் ஒரே பிள்ளையிடம் கூடி நிற்பதற்கு இதுவும் ஒரு வழி.

2 வயது வரை தேநீரே வேண்டாம். அதற்கு மேற்பட்ட பிள்ளைக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் நடுவில் ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். சாப்பாட்டோடு ஒரு துண்டு கொய்யாவோ, கீரையில் பிழிந்த தேசிக்காயோ இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். முட்டை, ஈரல், நெத்தலி, கடலை, பருப்பு எல்லாம் உதவும். புதிய சாப்பாட்டைக் கண்டாலே அலறும் பிள்ளைக்கு, ஏற்கெனவே சாப்பிடும் ரொட்டி மாவிலேயே அரைத்த நெத்தலித் தூளை அரைத் தேக்கரண்டியில் தொடங்கிச் சேர்த்துப் பாருங்கள். முழுத் தட்டையும் ஒரே நாளில் மாற்றினால் இருக்கிற ரொட்டியும் போய்விடும்.

தேயிலைச் செடி அமில மண்ணிலிருந்து அலுமினியத்தையும் மங்கனீசையும் இலையில் சேர்த்து வைக்கும் என்பதும் சிலரைப் பயமுறுத்துகிறது. சாயத்தில் இறங்கும் அலுமினியத்தில் குடல் உறிஞ்சுவது 1 சதவீதத்துக்கும் குறைவு. தேநீரைத் தள்ளி வைப்பதற்கு இரும்பே போதுமான காரணம், அலுமினியத்தைத் துணைக்கு அழைக்க வேண்டியதில்லை.

இரத்தப் பரிசோதனையில் மலைநாட்டுக்கே உரிய ஒரு கவனம் உண்டு. உயரத்தில் வாழ்பவருக்கு ஹீமோகுளோபின் இயல்பாகவே கூடுதல். 2 முதல் 5 வயதுக்கு டெசிலீட்டருக்கு 11 கிராம் என்ற கீழ் எல்லை கடல் மட்டத்துக் கணக்கு. நுவரெலியா நகரம் 1,868 மீட்டரில் இருக்கிறது, அந்த உயரத்துக்கு இந்த எல்லையில் ஏறக்குறைய 1 கிராம் கூட்டித்தான் பார்க்க வேண்டும். ஆகவே 11.4 என்று வந்து 'நோர்மல்' என அச்சடித்த தாளை வைத்து நிம்மதியாகிவிட வேண்டாம். உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். 5 வயதுக்குக் கீழே லீட்டருக்கு 12 மைக்ரோகிராமுக்குக் குறைந்தால் இரும்புக் கையிருப்பு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். காய்ச்சலோ தடிமனோ இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும், அப்போது 30 என்பதே எல்லை. இரவு முழுக்கக் காலை உதறிக்கொண்டு தூங்காத ஓட்டிசப் பிள்ளையில் ஃபெரிட்டின் 50க்குக் கீழே இருந்தாலே இரும்பு கொடுத்துப் பார்க்கும் வைத்தியர்கள் உண்டு. அளவை அவர் பிள்ளையின் நிறைக்கு ஏற்பச் சொல்லுவார், நீங்களாகத் தொடங்கக் கூடாது.

கிளினிக்கில் அம்மாவுக்குக் கொடுக்கும் இரும்பு மாத்திரை ஒன்றில் பொதுவாக 60 மில்லிகிராம் இரும்பு இருக்கும். 10 கிலோ பிள்ளை மிட்டாய் என்று 10 மாத்திரையை விழுங்கினால் அது உயிரையே பறிக்கக்கூடிய அளவு. வாந்தி வந்து, பிறகு சரியானது போலத் தெரிந்தாலும் ஏமாறாமல் உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

துத்தநாகத்திலும் அளவு முக்கியம். 1 முதல் 3 வயதுக்கு நாளைக்கு 3 மில்லிகிராம் போதும், 7க்கு மேல் நெடுநாள் போகக் கூடாது. வயிற்றோட்டத்துக்கு 10 முதல் 14 நாட்கள் கூடுதலாகக் கொடுப்பது வேறு கதை, அது குறுகிய சிகிச்சை. மாதக்கணக்கில் அதிகமாகக் கொடுத்தால் செம்பு குறைந்து, இரும்புக்குக் கேட்காத இரத்தசோகை வரும். மக்னீசியமும் விற்றமின் பி6உம் ஓட்டிசத்துக்கு உதவுமா என்று பார்த்தவர்களுக்குப் பரிந்துரைக்கும் அளவு சான்று கிடைக்கவில்லை.

எந்தச் சோதனை, எது வீண்

ஈயத்துக்குச் செய்ய வேண்டியது நரம்பில் எடுத்த இரத்தச் சோதனை. விரல் குத்தி எடுத்தால் தோலில் உள்ள தூசி ஈயமும் சேர்ந்துவிடும், அதில் கூடுதலாக வந்தால் நரம்பு இரத்தத்தில் மறுபடி பார்க்க வேண்டும். அலகு டெசிலீட்டருக்கு மைக்ரோகிராம். அமெரிக்காவின் கவன எல்லை 2021 முதல் 3.5, உலக சுகாதார அமைப்பு 5 வந்தால் மூலத்தைத் தேடி அகற்றச் சொல்கிறது. 10க்குக் கீழே என்றால் மூலத்தை அகற்றி, இரும்பும் கல்சியமும் சரிசெய்து, 3 மாதத்தில் மீண்டும் பார்ப்பார்கள். உலோகத்தைக் கட்டி வெளியேற்றும் மருந்தை, அதாவது கீலேஷனை, யோசிப்பது 45ஐத் தொட்டால்தான். அதுவும் வார்டில், வைத்தியர் கண் முன்னால். துத்தநாகத்துக்கு இரத்தம் எடுப்பதானால் உலோகச் சுவடுகளுக்கென்றே உள்ள குழாய் வேண்டும், சாதாரணக் குழாயின் இறப்பர் மூடியே துத்தநாகத்தைச் சேர்த்துவிடும்.

முடிச் சோதனை பார்க்க அழகானது: வண்ணக் கோடுகள், 30 உலோகங்கள், சிவப்பில் நாலைந்து. முடி வெளித்தூசியையும் எண்ணெயையும் குங்குமத்தையும் பிடித்து வைக்கும். பொடுகு ஷாம்பு போட்டால் துத்தநாகம் ஏறும். ஒரே ஆளின் முடியை 6 ஆய்வுகூடங்களுக்கு அனுப்பிப் பார்த்து 2001இல் வெளியிட்டார்கள். 12 கனிமங்களில் ஒன்றுக்கொன்று 10 மடங்குக்கும் மேல் வித்தியாசம் வந்தது. ஆய்வில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒப்பிட முடி பயன்படலாம், உங்கள் ஒரு பிள்ளைக்கு மருந்து தீர்மானிக்கப் பயன்படாது.

அதைவிட மோசமானது, கீலேஷன் மாத்திரை ஒன்றைக் கொடுத்துவிட்டு உடனே சிறுநீர் பிடித்து அனுப்புவது. மருந்து போட்டால் எல்லார் சிறுநீரிலும் உலோகம் ஏறும். அந்த எண்ணை மருந்து போடாதவர்களின் சாதாரண எல்லையோடு ஒப்பிட்டு 'நச்சு அதிகம்' என்று தாள் வரும். நல்ல உடம்புள்ள அண்ணன் தம்பியை அனுப்பினாலும் அதே தாள்தான் வரும்.

கீலேஷன் மருந்து ஈயத்தை மட்டும் தேடிப் பிடிப்பதில்லை. துத்தநாகம், செம்பு, இரும்பையும் இழுத்துக்கொண்டு போகும், சில வகை கல்சியத்தையும் இழுக்கும். 2005இல் பென்சில்வேனியாவில் 5 வயது ஓட்டிசப் பிள்ளை ஒன்று, கல்சியத்தை இழுக்கும் தவறான வகையை நரம்பில் ஏற்றியதால் இருதயம் நின்று இறந்தது. ஓட்டிசத்துக்குக் கீலேஷன் உதவுகிறதா என்று 2015இல் எல்லா ஆய்வுகளையும் தேடிப் பார்த்த கொக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் மீளாய்வுக்குத் தகுதியான பரிசோதனை ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது, அதிலும் பலன் தெரியவில்லை. "பக்க விளைவே இல்லாத இயற்கை டிடொக்ஸ்" என்று சொட்டு மருந்து விற்பவரிடம், அதில் என்ன இருக்கிறது, எத்தனை மில்லிகிராம் என்று கேளுங்கள். போத்தலில் எழுதியிருக்காது.

எங்கே போவது

12 மாதத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, 18 மாதத்தில் விரல் நீட்டிக் காட்டாதது, 24 மாதத்தில் இரண்டு சொல் சேர்த்துப் பேசாதது, இருந்த பேச்சு எந்த வயதிலாவது போனது: இவற்றில் ஒன்று இருந்தாலும் உலோகச் சோதனைக்குக் காத்திராமல் குடும்ப நல உத்தியோகத்தரிடமோ எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்கிலோ சொல்லுங்கள். 16 முதல் 30 மாதம் வரை 20 கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தால் முதலில் பார்ப்பார்கள். அங்கிருந்து மாவட்ட வைத்தியசாலைப் பிள்ளை வைத்தியரிடமோ, பேராதனை சிறுவர் வைத்தியசாலைக்கோ, தேவைப்பட்டால் ராகமையில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே உள்ள அயத்தி நிலையத்துக்கோ கடிதம் தருவார்கள். கேட்கும் திறன் சோதனையும் அதோடு நடக்க வேண்டும், காது கேட்காத பிள்ளையும் பெயருக்குத் திரும்பாது. பிள்ளை வீட்டில் கேட்பது தமிழ் என்றால், பேச்சுப் பயிற்சியும் தமிழில் கிடைக்குமா என்று கடிதம் எழுதும்போதே கேளுங்கள், பிறகு கேட்டால் திகதி தள்ளிப்போகும்.

மண்ணோ பெயின்டோ தின்னும் பழக்கம் இருந்தால் அதை வைத்தியரிடம் நீங்களாகவே சொல்லுங்கள், கேட்கட்டும் என்று இருக்க வேண்டாம். இரத்தத்தில் ஈயம் பார்க்க வேண்டுமா என்பதை அவர் அந்த ஒரு தகவலை வைத்துத்தான் முடிவு செய்வார். கிளினிக் கொப்பி, பிள்ளை தனியாக விளையாடும் இரண்டு நிமிட வீடியோ, ஒரு வாரம் என்னென்ன சாப்பிட்டது என்ற குறிப்பு ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். முடி ரிப்போர்ட் இருந்தால் வீட்டிலேயே இருக்கட்டும். ஆனால் பிள்ளைக்கு இதுவரை கொடுத்த மாத்திரை, சொட்டு மருந்து, சூரணம் எதுவானாலும் போத்தலோடு எடுத்துப்போக வேண்டும்.